வானத்தைப் பார்த்துவிட்டுப் பெக்கேஜைப் பாருங்கள்: கொழும்பில் எச்டி செய்மதித் தொலைக்காட்சி வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே உள்ள ஏதாவது ஓர் ஒழுங்கையில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். பல்கனிக் கம்பிகளிலும் மொட்டைமாடிச் சுவர்களிலும் டிஷ்கள் தெரியும். அவற்றில் ஒரு பகுதி கடலைப் பார்த்து நிற்கும். மற்றவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும். கடலைப் பார்ப்பவை பெரும்பாலும் டயலொக் டெலிவிஷன் என்ற உள்ளூர்ச் செய்மதிச் சேவையின் வீடுகள். அண்ணாந்து பார்ப்பவை இந்தியச் செய்மதிகளிலிருந்து படம் எடுக்கும் வீடுகள். எந்த வீட்டில் எந்தச் சேவை என்பதை வாசல் மணியை அடிக்காமலே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

கடைக்குப் போனால் முதலில் கையில் தரப்படுவது பெக்கேஜ் பட்டியல். எத்தனை அலைவரிசைகள், எத்தனை எச்டி, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து அந்தச் செய்மதி தெரியுமா என்பது மட்டும் இருக்காது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமி ஒரு சேவைக்கு முற்பணம் கட்டிவிட்டுத்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பொருத்த வந்த இளைஞன் கூரையில் ஏறி, மேற்கே நிமிர்ந்து நின்ற புதிய கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கே சிக்னல் எடுக்க முடியாது" என்று சொல்லி இறங்கிவிட்டான். முற்பணத்தைத் திரும்ப வாங்க ஆறு வாரங்கள் அலைந்தோம். அதனால்தான் இந்த வழிகாட்டியை வானத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: உங்கள் வானம்

தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கினால் போதும் என்பது இதனால்தான். டயலொக் பயன்படுத்தும் செய்மதி கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில், சோமாலியக் கரையை ஒட்டிய கடலுக்கு மேலே இருக்கிறது. கொழும்பு ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது. ஆகவே நமக்கு அது மேற்கே, சற்றே தெற்கு சாய்ந்து தெரியும். திசைகாட்டியில் சுமார் 260 பாகை, அடிவானத்திலிருந்து சுமார் 49 பாகை உயரம்.

இந்திய டிடிஎச் செய்மதிகள், அதாவது வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாக ஒளிபரப்புபவை, கிழக்கே 83, 93.5, 95 பாகை போன்ற இடங்களில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து 95 பாகையைப் பார்ப்பவர் தென்கிழக்கே, 70 பாகைக்கும் கூடிய உயரத்தில் பார்க்க வேண்டும். 83 பாகைக்கு இன்னும் உயரம், ஏறத்தாழ உச்சிவானம். எதிரே உயர்ந்த கட்டடம் இருந்தாலும் அவை தப்பிவிடும். மேற்குச் செய்மதிக்கு அந்த வசதி இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு சதுரத் தாள் போதும். தாளை மூலைக்கு மூலை மடித்தால் கிடைக்கும் முக்கோணத்தில் 45 பாகைக் கோணம் இருக்கும். டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் நின்று, திறன்பேசியின் திசைகாட்டியில் 260 பாகையை நோக்குங்கள். முக்கோணத்தின் ஒரு குட்டைப் பக்கத்தைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடித்து, சாய்ந்த நீண்ட விளிம்பு வழியே கண்ணை ஓட்டுங்கள். எதிர்க் கட்டடத்தின் உச்சியும் தென்னை ஓலைகளும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் உங்களுக்குப் பாதை உண்டு. கணக்காகச் சொல்வதென்றால், எதிரே உள்ள கட்டடம் உங்கள் டிஷ்ஷைவிட எத்தனை மீற்றர் உயர்ந்திருக்கிறதோ, குறைந்தது அத்தனை மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். மாமி வீட்டுக்கு எதிரே இருந்த கட்டடம் அவருடைய கூரையைவிட சுமார் 12 மீற்றர் உயரம். தள்ளி இருந்ததோ 7 மீற்றர்தான்.

டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. இப்போது வீடுகளுக்குப் பொருத்தும் டிஷ்கள், முகம் காட்டும் திசையைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்திலிருந்து சிக்னல் வாங்கும்படி வளைக்கப்பட்டவை. பார்ப்பதற்கு எதிர்ச் சுவரைப் பார்ப்பதுபோல இருக்கும். உண்மையில் சுவருக்கு மேலே உள்ள வானத்தைத்தான் பார்க்கும். ஆகவே பக்கத்து வீட்டு டிஷ் சுவரைப் பார்த்தபடி வேலை செய்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இன்னும் நம்பகமான சோதனை ஒன்று உண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், பிற்பகல் மூன்று மணியை ஒட்டி, சூரியன் அந்த மேற்குச் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில், அந்த நேரத்தில், டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். நிழல் விழுந்தால் அந்த இடம் உதவாது. பொருத்துவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் கருவியை எடுக்கும் முன்பே நிழலைப் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் பல்கனி கிழக்கே காலி வீதியைப் பார்த்தால், மேற்குச் செய்மதிக்கு அது பயன்படாது. மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். மொட்டைமாடி பொதுச் சொத்து. நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். சில கட்டடங்களில் மொட்டைமாடியில் ஏற்கெனவே ஒரு பொது டிஷ் இருக்கும். அதிலிருந்து இணைப்பு எடுக்க முடியுமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

மரங்களைப் பற்றியும் ஒரு சொல். இன்று டிஷ்ஷுக்குக் கீழே இருக்கும் பக்கத்து வீட்டு மாமரம் மூன்று வருடத்தில் மேலே வந்துவிடும். நனைந்த இலை சிக்னலைச் சுவர்போலத் தடுக்கும். மரம் வளரும் திசையை விட்டு இரண்டடி தள்ளிப் பொருத்துவது பிறகு அயலாரோடு மனவருத்தம் கொள்வதைவிட எளிது.

இரண்டாம் படி: செய்மதிதான் வேண்டுமா?

வானம் அடைத்திருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் வேறு வழிகள் இருக்கின்றன. ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் பியோ டிவி ஃபைபர் கம்பி வழியாக வருகிறது. அதற்கு டிஷ்ஷே வேண்டாம், மழையும் அதைத் தொடாது. மாமி வீட்டில் இறுதியில் அதைத்தான் எடுத்தோம். சில பகுதிகளில் கேபிள் சேவைகளும் உள்ளன. ஆனால் ஃபைபர் உங்கள் ஒழுங்கை வரை வந்திருக்க வேண்டும். மாதக் கட்டணத்தில் தொலைபேசி, இணைய இணைப்புக்கும் பங்கு உண்டு.

செய்மதியின் பலம் வேறு. இணையம் மெதுவாகும் இரவு எட்டு மணிக்கும் படம் தேங்காது. வீடு மாறினால் டிஷ்ஷையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். ஊரில், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீடு இருந்து விடுமுறைக்குப் போய்வருபவர்களுக்கு அதே பெட்டி (செட் டொப் பொக்ஸ்) அங்கேயும் வேலை செய்யும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. செய்மதிக்கு ஏறி இறங்கும் பயணத்துக்குக் கால் செக்கன்தான் ஆகிறது. படத்தைச் சுருக்கி விரிப்பதற்குச் சில செக்கன்கள் கூடும். திறன்பேசிச் செயலியில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் அதைவிடத் தாமதமாகவே வரும். பக்கத்து வீட்டுச் சத்தத்தை வைத்து ஆறு ஓட்டம் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளும் வேதனையை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

மூன்றாம் படி: உங்கள் தொலைக்காட்சிக்கு எச்டி தெரியுமா?

சாதாரண ஒளிபரப்பில் படம் 720க்கு 576 புள்ளிகள். முழு எச்டியில் 1920க்கு 1080. புள்ளிக் கணக்கில் ஐந்து மடங்கு. காகிதத்தில் இது பெரிய வித்தியாசம். உங்கள் கூடத்திலும் அப்படியே தெரியுமா என்பது திரையின் அளவையும் நீங்கள் இருக்கும் தூரத்தையும் பொறுத்தது.

படத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால் எச்டியின் நுணுக்கம் முழுதாகத் தெரியும் என்பது இந்தத் துறையில் வழங்கிவரும் கணக்கு. 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 54 சென்ரிமீற்றர். ஆகவே ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல். 32 அங்குலத் திரைக்கு 1.2 மீற்றர்தான். மூன்று மீற்றர் தள்ளிச் சோபாவில் இருந்து 32 அங்குலத் திரையைப் பார்க்கும் வீட்டில் எச்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய 32 அங்குலத் திரைகள் பல முழு எச்டியும் அல்ல. அவற்றின் புள்ளிகள் 1366க்கு 768. திரையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் மாதிரி எண்ணைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 43 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் எச்டி எடுக்கத் தயங்க வேண்டாம். அந்த அளவில் சாதாரண ஒளிபரப்பைப் பார்ப்பது கண்ணுக்கு உறுத்தும். கீழே ஓடும் செய்தி வரிகளின் எழுத்து விளிம்புகள் கரைந்து தெரியும்.

அடுத்து, கம்பி. இதை நெருங்கிப் பாருங்கள், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். செட் டொப் பொக்ஸின் பின்னால் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்டமாக மூன்று. தட்டையாக, இரு மூலைகள் வெட்டப்பட்டதுபோல ஒன்று. வட்டமான மஞ்சள் கம்பியால் எச்டி படத்தைக் கொண்டுபோக முடியாது. தட்டையான எச்டிஎம்ஐ கம்பிதான் வேண்டும். எங்கள் வீட்டில் முதல் எச்டி இணைப்பைப் பொருத்திய நிறுவனத்தின் ஆள், பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கம்பி இருந்தும், பழைய பெட்டியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் கம்பியையே செருகிவிட்டுப் போனார். நாங்களும் "படம் கொஞ்சம் பரவாயில்லை" என்று இருந்துவிட்டோம். எட்டு மாதங்களுக்குப் பிறகு, பண்டிகைக்கு வந்த அக்காவின் மகன் தூசு தட்டப் பெட்டியை நகர்த்தியபோது கண்டுபிடித்தான். கம்பியை மாற்றிய கணத்தில் செய்தி வாசிப்பவரின் சேலைக் கரையில் இருந்த பூவேலை தெரிந்தது. எட்டு மாதங்கள் எச்டிக் கட்டணம் கட்டி, எச்டி பார்க்காமல் இருந்திருக்கிறோம். அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கம்பி சரியாக இருந்தாலும் பெட்டியின் அமைப்புகளுக்குள் போய், வெளியீட்டுத் தரம் 1080 என்றும் திரை விகிதம் 16:9 என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் விகிதம் தவறு. கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையின் கீழ் வரி பாதி வெட்டுப்பட்டால், தொலைக்காட்சி படத்தைத் தானாகப் பெரிதாக்குகிறது. படத்தின் அளவைத் திரைக்குப் பொருத்தும் அமைப்பை அதன் பட்டியலில் தேடி மாற்றுங்கள்.

நான்காம் படி: பெயர் பெயராக அலைவரிசைப் பட்டியல்

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கடந்த வாரம் உண்மையில் பார்த்த அலைவரிசைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பார்க்க விரும்புவதை எழுத வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் பன்னிரண்டு பெயர்களுக்கு மேல் வரவில்லை. நூறு, நூற்றைம்பது என்று விளம்பரம் சொல்லும் எண்கள் அதன்பிறகு மயக்குவதில்லை.

அந்தத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்விகள் எழுதுங்கள்: இந்தச் சேவையில் இருக்கிறதா, எச்டியில் இருக்கிறதா, நான் எடுக்கும் பெக்கேஜிலேயே இருக்கிறதா அல்லது தனியே பணம் கட்ட வேண்டுமா. கடைசிக் கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். சன் டிவி, ஸ்டார் விஜய், ஜீ தமிழ், கேடிவி ஆகியவற்றுக்கு எச்டி வடிவங்கள் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது வேறு, நீங்கள் எடுக்கும் பெக்கேஜில் அவை எச்டியாக வருவது வேறு. சாதாரண வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஆங்கில ஆவணப்பட அலைவரிசைகளால் எச்டி எண்ணிக்கையை நிரப்பும் பெக்கேஜ் ஒரு தமிழ் வீட்டுக்கு எதற்கு? விற்பவர் "எல்லாம் எச்டி பெட்டிதான்" என்று சொன்னால், பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, அலைவரிசையைப் பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். எச்டி பெட்டியில் சாதாரண அலைவரிசை சாதாரணமாகத்தான் தெரியும்.

எச்டி என்ற பெயரில் வரும் எல்லாமும் ஒரே தரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு செய்மதியில் இருக்கும் இடம் அளவோடுதான். அதில் அலைவரிசைகளைக் கூட்டக் கூட்ட, ஒவ்வொன்றையும் இன்னும் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கும். இதைச் சோதிக்க அசையாத படத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பந்து எல்லைக் கோட்டை நோக்கி ஓடும்போது புல்வெளியைப் பாருங்கள்; பாட்டுக் காட்சியில் பூத்தூவும்போது பின்னணியைப் பாருங்கள். புல் பச்சைக் குழம்பாகி, பூக்கள் கட்டம் கட்டமாக உடைந்தால், அந்த அலைவரிசைக்கு இடம் போதவில்லை. அதே சேவை இருக்கும் ஓர் உறவினர் வீட்டில் அரை மணி நேரம் இருந்து பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட மேல்.

கிரிக்கெட்டுக்காக வாங்குபவர்கள் அவசரப்பட வேண்டாம். ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இந்தத் தொடர் எந்த அலைவரிசையில் வந்தது என்பதை வைத்து அடுத்த இரண்டு வருடங்களுக்கு ஒப்பந்தம் போடக்கூடாது.

இங்கேதான் இந்தியப் பெட்டிகளைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ் அலைவரிசைகள் அதிகம், கட்டணமும் குறைவாகத் தோன்றும் என்பதால் அவற்றின் மேல் நமக்கு இருக்கும் ஈர்ப்பை நான் அறிவேன். இலங்கையில் அனுமதி பெற்று இயங்கும் சேவை வேறு. இந்தியாவில் உள்ள ஒரு முகவரியில் பதிந்து, இங்கே கொண்டுவந்து, இடைத்தரகர் மூலம் ரீலோட் செய்யும் பெட்டி வேறு. இரண்டாவது வகையில், பெட்டியின் உரிமையாளர் நீங்கள் அல்ல. பெட்டியின் சந்தா அட்டை முடக்கப்பட்டால் யாரிடமும் முறையிட முடியாது. தரகர் தொலைபேசியை எடுக்காத நாளில் உங்கள் வருடக் கட்டணமும் போய்விடும். சேவையை மாற்ற நினைத்தாலும் அந்தப் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் பூட்டிய ஒளிபரப்பைத் திறக்காது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்தப் பெட்டியில் நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைகளான சக்தியும் வசந்தமும் நேத்ராவும் இல்லை. களனி ஆறு பெருகும் நாட்களில் எந்தப் பகுதி வெளியேற வேண்டும், எந்தப் பாடசாலைக்கு விடுமுறை என்று தமிழில் சொல்லும் செய்தி அந்த வீட்டுக்கு வராது. சென்னையின் மழை நிலவரம் தெரியும்; கொலன்னாவையின் வெள்ளம் தெரியாது. வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் இதைச் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

ஐந்தாம் படி: மூன்று வருடக் கணக்கு

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு பிழைக்கும். உபகரணம், பொருத்தும் கூலி, கூடுதல் கம்பி, மாதக் கட்டணம், வரி எல்லாவற்றையும் 36 மாதங்களுக்குக் கூட்டி, 36ஆல் வகுங்கள். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். பட்டியலில் உள்ள விலை வரி சேர்ந்ததா, சேராததா என்பதை முதலில் கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்தவை. ஒரு சேவையில் உபகரணத்துக்கு 12,000 ரூபாய், மாதம் வரிக்கு முன் 2,000. வரியோடு 2,360, 36 மாதங்களில் 84,960, உபகரணத்தோடு 96,960. இன்னொன்றில் "உபகரணம் இலவசம்", மாதம் வரிக்கு முன் 2,600. வரியோடு 3,068, 36 மாதங்களில் 110,448. இலவசம் என்று வந்தது பதின்மூன்றாயிரத்துக்கு மேல் கூடுதலாக முடிகிறது. வாடகை வீட்டில் ஒரு வருடம்தான் இருப்பீர்கள் என்றால் இதே கணக்கு தலைகீழாகும்: முதலாவது 40,320, இரண்டாவது 36,816. ஆகவே எத்தனை காலம் அந்த வீட்டில் இருப்பீர்கள் என்பதை எழுதிவிட்டுத்தான் கூட்டத் தொடங்க வேண்டும்.

முற்கொடுப்பனவா, மாதப் பட்டியலா என்றால், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வருடத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பவர்களுக்கும் முற்கொடுப்பனவுதான் நல்லது. ரீலோட் செய்யாத மாதத்துக்குக் காசு இல்லை. ஆனால் நீண்ட நாள் செய்யாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படுமா, மீண்டும் தொடங்கக் கட்டணம் உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அறையிலும் தொலைக்காட்சி இருந்தால் கணக்கு மாறும். கேபிள் தொலைக்காட்சியில் செய்வதுபோல, கம்பியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிகளுக்குக் கொடுக்க முடியாது. டிஷ்ஷின் முன்னால் நீட்டி நிற்கும் எல்என்பி என்ற கருவிக்குப் பெட்டிதான் கம்பி வழியாக மின்சாரம் அனுப்புகிறது. நிமிர்ந்த அலைகளை எடுக்க 13 வோல்ற்று, கிடையான அலைகளை எடுக்க 18 வோல்ற்று. ஒரு பெட்டி 13ஐயும் மற்றது 18ஐயும் கேட்டால் ஒரே எல்என்பியால் இரண்டையும் கொடுக்க முடியாது. ஓர் அறையில் படம் போய்விடும். இரண்டு வெளியீடுகள் உள்ள எல்என்பியும், இரண்டாவது பெட்டியும், தனிக் கம்பியும் வேண்டும். இரண்டாவது பெட்டிக்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அந்த 36 மாதக் கணக்கில் சேருங்கள்.

ஆறாம் படி: கையெழுத்துப் போடும் முன்

சுருக்கமாகச் சொல்கிறேன். உபகரணம் உங்களுக்குச் சொந்தமா, வாடகையா? குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் என்ன கட்டணம்? வீடு மாறினால் டிஷ்ஷைக் கழற்றிப் பொருத்த எவ்வளவு? சிக்னல் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் எத்தனை நாட்களில் திரும்பும்? இந்தக் கடைசிப் பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். படிவம் தமிழில் இருந்தால் தமிழிலேயே கேளுங்கள். புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட உங்களை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. விற்பனையில் ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும், ஆகவே அதை எறிந்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: பொருத்தும் நாள்

அன்றைக்கு வீட்டில் இருங்கள். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எடுத்தாவது இருங்கள். டிஷ்ஷைச் சுவரில் இறுக்கும் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்கள் விட்டுக்கொடுக்கக்கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் காற்றில் உப்பு இருக்கிறது. சாதாரண இரும்பு ஆணி இரண்டு மழைக்காலத்தில் பழுப்பாகி உதிரத் தொடங்கும். பொருத்துபவர் கொண்டுவராவிட்டால் புறக்கோட்டைப் பக்கம் போகும்போது நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கம்பி ஆர்ஜி6 வகையா என்று அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இடையில் வெட்டி ஒட்டாமல், டிஷ்ஷிலிருந்து பெட்டிவரை ஒரே கம்பியாக ஓட வேண்டும். வெளியே உள்ள இணைப்பு முனையை இறப்பர் டேப்பால் சுற்றச் சொல்லுங்கள். கம்பி சுவருக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவர்த் துளை வழியாகப் பெட்டிக்குள் போகாது. இவ்வளவு சிறிய காரியத்தைச் செய்யாமல் விட்டதால் பெட்டியின் பின்புறம் பச்சை பூத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிஷ்ஷின் அளவைப் பற்றி வாதாட வேண்டியிருந்தால் வாதாடுங்கள். 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பரப்பு 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷைப்போல இரண்டேகால் மடங்கு. தெளிவான நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரியதன் அருமை மழையில் தெரியும். வைக்க இடமும் தாங்கும் சுவரும் இருந்தால் பெரியதைக் கேளுங்கள். அதன் மேல் காற்றும் கூடுதலாக மோதும் என்பதால் ஆணிகளைக் கவனியுங்கள்.

திசை சரிசெய்யும்போது பெட்டியின் சிக்னல் திரையை நீங்களும் பாருங்கள். வலிமை என்று ஒன்று, தரம் என்று ஒன்று இருக்கும். வலிமை நிறைய இருந்தும் தரம் குறைவாக இருந்தால் படம் உடையும், தரம்தான் முக்கியம். "படம் வந்துவிட்டது, போதும்" என்று நிறுத்த விடாதீர்கள். "தம்பி, இன்னும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், தரம் ஏறுகிறதா என்று நான் சொல்கிறேன்" என்று அன்பாகச் சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள். ஒரு கோப்பை தேநீரும் கொடுங்கள். வெயிலில் கூரையில் நிற்பவருக்கு அது வேண்டும். தரம் உச்சத்துக்கு வந்து இறுக்கிய பிறகு அந்த எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். பின்னால் ஒரு நாள் படம் உடைந்தால், டிஷ் நகர்ந்ததா, பெட்டி பழுதா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

எட்டாம் படி: மழை, இடி, வெயில்

செய்மதி ஒளிபரப்பின் அலைகள் 11, 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால் அவற்றின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர்தான். பெருமழையின் துளிகள் அவற்றை உறிஞ்சிச் சிதறடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து ஏறி வரும். மேற்கைப் பார்க்கும் டிஷ் அந்த மேகத்துக்கு உள்ளேதான் பார்க்கிறது. போதாததற்கு, 49 பாகையில் சாய்ந்து வரும் அலை, உச்சியிலிருந்து வரும் அலையைவிட மழைக்குள் நீண்ட தூரம் கடக்கிறது. ஆகவே கொட்டும் மழையில் ஐந்து, பத்து நிமிடம் படம் போவது பழுது அல்ல. சில சமயம் எச்டி அலைவரிசை போய், அதே அலைவரிசையின் சாதாரண வடிவம் நிற்கும். எச்டியை நெருக்கி அடைத்து அனுப்பும் முறைக்குக் கூடுதல் சிக்னல் தேவைப்படலாம். சாதாரண அலைவரிசையின் எண்ணையும் நினைவில் வைத்திருந்தால் செய்தி தவறாது. தூறலுக்கே படம் போகிறது என்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். திசை விலகியிருக்கும், அல்லது முனைக்குள் நீர் போயிருக்கும்.

ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கும்போது மின்செருகியைக் கழற்றினால் மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியையும் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றுங்கள். மின்னலின் அதிர்வு அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். பெட்டியோடு எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியையும் எரித்துவிடும். இடி தலைக்கு மேலே வந்த பிறகு கம்பியைத் தொட வேண்டாம். முன்கூட்டியே செய்யுங்கள்.

முதல் படியில் சொன்ன அந்த மார்ச், செப்டெம்பர் நாட்களில், சூரியன் செய்மதிக்குப் பின்னால் நிற்கும் சில நிமிடங்கள் அதன் இரைச்சல் ஒளிபரப்பை மூழ்கடிக்கும். மேகமில்லாத வானத்தில், பிற்பகல் மூன்று மணியளவில், நாலைந்து நாட்கள் தொடர்ந்து படம் உடைந்து தானாகவே திரும்பினால் இதுதான் காரணம். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, காசும் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேலை. பொருத்தியவர் ஏணியிலிருந்து இறங்கும் முன், டிஷ்ஷின் பிடியும் கம்பமும் சேரும் இடத்தில், அழியாத மையாலோ நகப்பூச்சாலோ இரண்டுக்கும் குறுக்காக ஒரு கோடு போடச் சொல்லுங்கள். உயரத்தைச் சரிசெய்யும் ஆணிக்கு அருகிலும் ஒன்று. புயற்காற்று டிஷ்ஷை ஒரு விரல் அகலம் திருப்பிவிட்டாலும், மழை விட்டதும் யாராவது ஒருவர் ஏறி அந்தக் கோடுகளை மீண்டும் ஒன்றோடொன்று பொருத்தி ஆணியை இறுக்கலாம். நிறுவனத்தின் ஆள் வரும்வரை மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை.